பங்கிடுவது யார்?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், நமக்குப் பழக்கமான படம் வருவதற்கு முன்னால் ஒரு கறுப்புத் திரை வந்து போகும். அதில் ஓடும் வெள்ளை எழுத்துகளை யாரும் படிப்பதில்லை. டீ எடுத்துவரப் போய்விடுவோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் சின்ன நிரல் ஒன்று தனியாக விழித்துக்கொண்டு, விசைப்பலகை இருக்கிறதா, நினைவகம் இருக்கிறதா என்று வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது. எது எதற்கு எவ்வளவு என்று பங்கு பிரித்து வைத்துவிட்டு, அதன் பிறகுதான் பெரிய எஜமானரை எழுப்புகிறது. அதற்கு அடிநிரல் என்று பெயர். செண்பகவல்லிக்குச் சோறு போட்டது அந்த அடிநிரல்தான். ஆனால் அவள் அதைத் திருத்தி அமைத்தது கம்ப்யூட்டர்களில் அல்ல, மனிதர்களில்.

தூத்துக்குடியில், கடல் காற்று ஜன்னல் கம்பியை அரித்துத் தின்றுகொண்டிருந்த ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் அவளுக்கு வேலை. மூளையின் அடித்தண்டு பழுதாகி விழுந்தவர்களுக்குப் பிடரியில் துணைக்கரு என்று ஒரு சில்லைப் பதிக்கும் காலம் வந்திருந்தது. நெல்மணி அளவுதான் இருக்கும். டாக்டர் பதித்துவிட்டுப் போன பிறகு செண்பகவல்லி தன் திரையோடு வந்து உட்கார்ந்து, அதைச் செய்த கம்பெனியின் அட்டவணைப்படி அடிநிரலை அமைத்துக் கொடுப்பாள். கோவில்பட்டியில் ஏதோ இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவள். உறவுக்காரர்கள் கேட்டால், "செட்டிங்ஸ் மாத்துதேன்" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு அவள் முன்னால் படுத்திருந்தவன் தொம்மை. சங்கு குளிக்கிறவன். ஆழத்தில் இருக்கும்போது படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசர் நின்றுபோய், மூச்சுக்காக வேகமாக மேலே வந்திருக்கிறான். அப்படி வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் கிளம்பிவிடும். அவற்றில் சில மூளையின் அடியில் போய் அடைத்துக்கொண்டன. துணைக்கரு பதித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மூச்சு சீராக வந்தது. கஞ்சி ஊற்றினால் விழுங்கினான். காலில் குத்தினால் காலை இழுத்துக்கொண்டான். கண்கூடத் திறந்திருந்தது. காகிதத்தில் பார்த்தால் ஒரு குறையும் கிடையாது. ஆள்தான் இல்லை.

"இந்தா பாருங்க, நான்தான், செலஸ்டினா. இந்தா, இங்க பாருங்க" என்று அவன் மனைவி காதருகே குனிந்து கத்திக்கொண்டிருந்தாள். தினமும் கத்துகிறாள். தொண்டை கட்டி, குரல் கரகரத்துப் போயிருந்தது. சுவரோரம் அவளுடைய அண்ணன் சூசை நின்றிருந்தான். பேச்சே இல்லாத மனிதன். வருவான், நிற்பான், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முறுக்குவான், பிரிப்பான், பார்வை நேரம் முடிந்ததும் போய்விடுவான்.

"மேடம், காது கேக்குன்னுதான சொன்னாவ? பெறகு ஏன் திரும்ப மாட்டேங்காவ?"

செண்பகவல்லிக்குப் பதில் தெரியும். அது திரையிலேயே இருந்தது. சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தாள். சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று அவளுக்குப் பயம். அன்று அந்தக் கரகரத்த குரலைக் கேட்டுக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, இப்படி உக்காருங்க. அவரு உள்ள இருக்காருன்னு வச்சுக்கோங்க. பெரிய வீடு, உள் அறையில படுத்திருக்காரு. வெளிய இருந்து யாரு கூப்பிடணும்னாலும் காலிங் பெல் அடிக்கணும். மொத்தம் பதினாறு பெல்லுதான். அதுக்கு மேல துணைக்கருவால தாங்க முடியாது. மூச்சுக்கு ஒண்ணு, விழுங்கறதுக்கு ஒண்ணு, வலிக்கு, சூட்டுக்கு, இருமலுக்கு, ருசிக்கு... இப்படி கம்பெனிக்காரன் பதினாறையும் முன்கூட்டியே பங்கு போட்டுப் பூட்டி வச்சிருக்கான், என்னால ஒண்ணைக்கூட மாத்த முடியாது. உசுரு நிக்கணும், அதான் அவன் கணக்கு."

"என் சத்தத்துக்கு?"

"அதுக்கு பெல் கிடையாது அக்கா. உங்க சத்தம் வாசல் வரைக்கும் போகுது. ஆனா அவரை எழுப்பாது."

செலஸ்டினா அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "எதுக்கு மணி வேணும், எதுக்கு வேண்டாம்னு அவியட்ட யாரு கேட்டா?" என்றாள்.

அந்தக் கேள்விக்குத்தான் செண்பகவல்லி பயந்திருந்தாள். அடிநிரலின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி உண்டு. பங்கிடுவது யார்? அதற்கு இரண்டே விடைகள். ஒன்று, அடிநிரல். மற்றது, விழித்து எழுபவர். ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து எல்லோருக்கும் முதலாவதுதான் வைத்திருந்தது. இரண்டாவதைத் தொட்டவர் அந்த மாடியில் யாரும் இல்லை.

டாக்டர் ஹபீப் நல்லவர். எதையும் மறைக்கத் தெரியாத மனிதர். அண்ணனையும் தங்கையையும் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னார்.

"மாத்தலாம். மாத்தினா அடிநிரல் ஒதுங்கிக்கும். மணி எல்லாம் காலியா இருக்கும். அவரோட மனசு தானா எழும்பி, உடம்புல என்னென்ன இருக்குன்னு தேடி, எதுக்கு எந்த மணின்னு பங்கு போடணும். போட்டுச்சுன்னா வர்றது அவரா இருப்பார். ஆனா மூச்சையும் அதுதான் தேடிக் கண்டுபிடிக்கணும்மா."

"மூச்சுக்கு மெஷினு இருக்குல்லா?"

"பக்கத்துலயே இருக்கும். உயிர் போக விடமாட்டேன். ஆனா மெஷினை மாட்டிட்டா, மூச்சு வந்துருச்சுன்னு மனசு தேடுறதை விட்டுடும். அப்புறம் பழைய அமைப்புக்குத்தான் போகணும். அப்படிப் போனா அது போட்ட பங்கெல்லாம் அழிஞ்சிரும். இன்னொரு தடவை எழும்புமான்னு எனக்குத் தெரியல. எழும்பாதுன்னுதான் நினைக்கிறேன்."

"இப்படியே விட்டா?"

"ரொம்ப வருஷம் இருப்பார். இப்ப இருக்கிற மாதிரியே."

செலஸ்டினா அண்ணனைப் பார்த்தாள். சூசை துண்டைப் பார்த்தான். "மாத்துங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் மாற்றினார்கள். மாற்றுவது என்றால் பெரிய காரியம் ஒன்றுமில்லை, ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஓர் அம்புக்குறியை நகர்த்துவதுதான். ஆனால் செண்பகவல்லியின் விரல் அந்த விசைமேல் கனத்துக் கிடந்தது. அழுத்தினாள்.

தொம்மையின் கண் மூடியது. மூச்சு நின்றது. திரையில் பதினாறு வரிகளும் வெறுமையாகக் கிடந்தன.

"காத்திருங்க" என்றார் டாக்டர். அவர் கை, மூச்சு கொடுக்கும் முகமூடிக் கருவியின் மேல் இருந்தது.

முதல் வரியில் எழுத்து முளைத்தது. காது. செலஸ்டினாவின் குரலுக்காக இருக்குமோ என்று பார்த்தால், இல்லை, காதின் உள்ளே அழுத்தத்தை உணரும் சவ்வு. அடுத்து உதடு, பிறகு பல்லின் ஈறு. பிறகு உள்ளங்கால், கை விரல் நுனிகள். செண்பகவல்லி மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் கம்பெனியின் அட்டவணையை மட்டுமே பார்த்தவள். எல்லா மனிதருக்கும் ஒரே வரிசை, ஒரே பங்கு. இதுவோ வேறு. இருட்டில் ஒரு மனிதன் எழுந்து தன் உடம்பைத் தடவித் தடவிக் கண்டுபிடிப்பதை, உலகத்தில் யாரும் பார்த்திராத ஒன்றை, அவள் எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். கோயிலுக்குள் வந்துவிட்டது போல அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. செருப்பைக் கழற்றிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஆனால் மூச்சு வரவில்லை.

"ஆக்ஸிஜன் இறங்குது. என்ன எடுத்திருக்கான் இப்போ?" என்றார் டாக்டர்.

"இடுப்பு சார்."

"என்னது?"

"இடுப்புத் தோல். அதுக்கு ஒரு முழு மணி குடுத்திருக்கு. ஏன்னு புரியல சார். கம்பெனி அட்டவணையில இது கிடையவே கிடையாது."

தொம்மையின் உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. செலஸ்டினா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். டாக்டர் முகமூடியைக் கையில் எடுத்தார். "போதும், பழைய அமைப்புக்கே போயிருவோம். செண்பகம், தயாரா இரு."

அப்போதுதான் சூசை சுவரை விட்டு வந்தான். எதையும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவி, தொம்மையின் இடுப்புக்குக் கீழே கொடுத்து வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, சுண்டி ஓர் இழுப்பு இழுத்தான்.

தொம்மை ஒரு பெருமூச்சு இழுத்தான். அறையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அப்படி ஒரு மூச்சு. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

டாக்டர் முகமூடியைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். செலஸ்டினா அண்ணனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினாள். சூசைக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி பண்ணுனீங்க?" என்றாள் செண்பகவல்லி.

"ஒண்ணும் பண்ணல. கை தானாப் போச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "கடல்ல இவன் கீழ கெடப்பான், நான் படகுல இருப்பேன். காத்துக் குழாய இடுப்புல சுத்தி, நுனிய வாயில கவ்விக்கிட்டுத்தான் எறங்குவான். அந்தக் குழாய நான்தான் புடிப்பேன். எங்கள்ல பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான் புடிக்கணும். வேற எவனும் அசந்துருவான், தங்கச்சி தாலி இருக்குல்லா, மச்சான் அசர மாட்டான்னு வச்சிருக்காவ. அப்பப்ப ஒரு இழுப்பு இழுப்பேன். காத்து வருது, நான் இருக்கேன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

செண்பகவல்லி திரையைத் திருப்பி டாக்டருக்குக் காட்டினாள். இடுப்பு என்ற வரியிலேயே, அதன் பக்கத்தில், மூச்சு என்று எழுதியிருந்தது.

"ஒரே மணியில ரெண்டு. அடிநிரல் இதை ஒருநாளும் செய்யாது சார். யார் அடிச்சாங்கன்னு அதுக்குத் தெரியாது, குழம்பிரும். மனசு குழம்பல. இவருக்கு மூச்சு பிறந்தப்ப எங்கேயிருந்து வந்ததோ தெரியாது. வாலிபத்துல இருந்து மேல இருந்துதான் வந்திருக்கு, குழாய் வழியா, அண்ணாச்சி கையில இருந்து. மூச்சுப் பகுதி பழுதாகிக் கிடக்கு, அதால தானா மணி அடிக்க முடியல. அண்ணாச்சி இழுத்ததும் இடுப்பு அடிச்சுது. கதவைத் திறந்து பாத்தா வாசல்ல மூச்சும் நிக்குது."

டாக்டர் ஹபீப் அந்த வரியை இரண்டு மூன்று முறை படித்தார். "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். மனசுன்னா என்னன்னு இன்னைக்கு ஒரு ஓரத்தைப் பார்த்தேன்" என்றார் கடைசியில்.

ஆச்சரியம் ஆச்சரியமாகவே நின்றுவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். சாயங்காலத்துக்குள் அதன் விலை தெரிந்துவிட்டது. சூசை இழுப்பதை நிறுத்தினால் சிறிது நேரத்தில் தொம்மையின் மூச்சு தளர்ந்தது. இழுத்தால் வந்தது. தூங்கும்போது மனம் எதையும் தேடுவதில்லை, அதனால் முகமூடிக் கருவி பார்த்துக்கொண்டது. விழித்திருக்கும்போது கருவியை மாட்டினால் மனம் மூச்சை மறந்துவிடும் என்பதால், விடிந்ததும் சூசை வந்து துண்டைப் பிடித்தாக வேண்டும்.

இடுப்புப் பட்டையில் மோட்டார் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். தொம்மை மூச்சு எடுக்கவில்லை. செலஸ்டினா இழுத்துப் பார்த்தாள், அதற்கும் இல்லை. "மோட்டார் சும்மா இழுக்கு சார். இவரு இழுத்துட்டு பதிலுக்குக் காத்திருக்காரு. அந்தக் காத்திருப்பு மனசுக்குத் தெரியுது" என்றாள் செண்பகவல்லி. சொல்லிவிட்டாளே தவிர, அது விளக்கம்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

தொம்மை நாளுக்கு நாள் திரும்பி வந்துகொண்டிருந்தான். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கண் திரும்பியது. பிறகு செலஸ்டினாவின் விரலைப் பிடித்தான். ஒருநாள், "தண்ணி" என்றான். அன்று செலஸ்டினா வராந்தாவில் போய் நின்றுகொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

அதே வராந்தாவில்தான் அவள் செண்பகவல்லியிடம் கேட்டாள். "எங்க மதினி நேத்து வந்து அழுதுட்டுப் போறா மேடம். எங்க அண்ணன் கடலுக்குப் போயி எத்தன நாளாச்சு. அவன் கையை இந்தக் கட்டில்லயே கட்டிப் போட்டுட்டேன். இன்னும் எம்புட்டு நாளைக்கு?"

"தெரியலக்கா."

"காலம் பூராவும்னாலும் புடிப்பான். அதான் எனக்குப் பயமா இருக்கு. அவன் முடியாதுன்னு சொல்லவே மாட்டான். புருசனா, அண்ணனான்னு என்னயக் கேட்டா நான் எத மேடம் சொல்ல?"

டாக்டரும் அதையே வேறு விதமாகக் கேட்டார். ஒருவன் எழுவதற்கு இன்னொருவனைக் கட்டிவைப்பது நியாயமா? பழைய அமைப்புக்குத் திரும்பிவிடலாமா? செண்பகவல்லி வீட்டுக்குப் போனாலும் அந்த வரிதான் கண் முன்னால் நின்றது. பங்கிடுவது யார்? மனிதனிடம் பங்கிடும் உரிமையைக் கொடுத்துவிட்டால், அவன் தன்னை மட்டும் பங்கிட்டுக்கொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவனையும் சேர்த்துத்தான் பங்கிடுகிறான் என்பது கம்பெனிக்காரனுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவளுக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் அறைக்குள் நுழைந்தபோது, சூசை நாற்காலியில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். துண்டின் முனை கை நழுவித் தரையில் கிடந்தது. செண்பகவல்லிக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்த் துண்டை எடுக்கக் குனிந்தாள்.

"வேண்டாம்" என்றது ஒரு குரல். "தூங்கட்டும்."

தொம்மை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நிதானமாக.

"எப்ப இருந்து அண்ணாச்சி இப்படி?"

"தெரியல. இப்பத்தான் பாத்தேன். துண்டு கீழ கெடக்கு, நான் பாட்டுக்குக் கெடக்கேன்." அவன் உதட்டோரம் லேசாகக் கோணியது. அது சிரிப்பு என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

அவள் திரையைத் திறந்தாள். மூச்சு தனி மணிக்கு மாறியிருந்தது. போன வாரமே மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவை இடுப்பு மணி அடித்தபோதும் மூச்சும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, தானே அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. எல்லோரும் சூசையின் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் யாரும் திரையைப் பார்க்கவில்லை.

பிறகுதான் அவள் அந்த இன்னொரு வரியைக் கவனித்தாள். மூச்சு தனி மணிக்குப் போன பிறகும் இடுப்பு மணி அப்படியே இருந்தது. இப்போது அதற்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தும் மனம் அதைக் கலைக்கவில்லை. பதினாறுதான் மொத்தம். மூச்சுக்குப் புது மணி வேண்டுமென்றால் இருப்பதில் ஒன்றைப் பறித்தாக வேண்டும். எதைப் பறித்தது? அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். போன வாரம் வரை இருந்த ருசியைக் காணவில்லை.

கதவு திறந்து செலஸ்டினா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். செண்பகவல்லி விஷயத்தைச் சொன்னதும் தூக்கைக் கீழே வைக்கவும் மறந்து அப்படியே நின்றாள். சத்தம் கேட்டுச் சூசை திடுக்கிட்டு எழுந்து துண்டைத் தேடினான். வேண்டாம் என்று அவனுக்குப் புரியவைக்கவே பெரும்பாடாகிவிட்டது.

"அப்ப ஒரு வாரமா நான் சும்மாவா இழுத்துக்கிட்டு இருந்தேன்?" என்றான். அவனுக்குச் சந்தோஷமா, ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை. "நாளைக்குக் கடலுக்குப் போவலாமா?"

"போங்க அண்ணாச்சி."

செலஸ்டினா சோற்றில் மீன் குழம்பைப் பிசைந்து புருஷனுக்கு ஊட்டினாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வாய் ஊட்டிவிட்டு, "நல்லாருக்கா?" என்றாள்.

"நல்லாருக்கு."

சூசையும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான். உடனே முகத்தைச் சுளித்தான். "ஏ புள்ள, உப்பே போடலியே! அவசரத்துல மறந்துட்டியா?"

செலஸ்டினா தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களுக்கு நாக்கு இல்லியா? நல்லாருக்குன்னு சொல்லுதீய?" என்று புருஷனைக் கடிந்துகொண்டு, கேன்டீனில் உப்பு வாங்கக் கீழே ஓடினாள். அவள் பின்னாலேயே, தன் மனைவிக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று சூசையும் போனான்.

அறையில் இருவர்தான். செண்பகவல்லி கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இந்தக் கட்டிலருகே அவள் கற்றுக்கொண்டிருந்த ஒரே மரியாதை, உள்ளதை உள்ளபடி சொல்வது.

"அண்ணாச்சி, உங்களுக்கு ருசி தெரியல. இல்லியா?"

ஆமாம் என்பதுபோல் அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"காரணம் சொல்லுதேன். துணைக்கருவுல இடம் பத்தல. உங்க இடுப்புக்குன்னு ஒரு மணி சும்மா கிடக்கு. அதுக்கு இனி வேலை இல்ல, மூச்சு தனியா வந்துருச்சு. இது கம்பெனி பூட்டுன பங்கு இல்ல, நீங்க போட்டது. நீங்க சரின்னா, அந்த ஒண்ணை மட்டும் நான் மாத்தி ருசிக்குக் குடுத்துருவேன். ஒரு ஆபத்தும் கிடையாது. நாளைக்கே உப்பு தெரியும், புளி தெரியும், அக்கா வைக்கிற மீன் குழம்பு தெரியும்."

தொம்மை யோசித்தான். ஜன்னல் வழியாகக் கடல் தெரியாது, ஆனால் காற்று வரும். வந்துகொண்டிருந்தது.

"அத எடுத்துட்டா," என்றான் மெதுவாக, "மச்சான் இழுத்தா எனக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணாச்சி. துண்டு இடுப்புல கிடக்கிறதுகூடத் தெரியாது."

"அப்ப உப்பில்லாமலே திங்கேன்."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். செண்பகவல்லி திரையை மூடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செலஸ்டினா உப்புப் பொட்டலத்தோடு மூச்சிரைக்க வந்து, சோற்றில் தூவிப் பிசைந்து, அடுத்த வாயை ஊட்டினாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்பத்தான் சரியா இருக்கு" என்றான் தொம்மை.